வரிசையில் நிற்கும்போது பிறந்த குழந்தை

டப்ளினிலிருந்து வடக்கே போகும் ரயில் பாதையில், கடலை ஒட்டி, பால்பிரிகன் என்றொரு ஊர். ஒரு காலத்தில் காலுறை நெசவுக்குப் பேர்போனது. 1920 செப்டம்பரில் ‘பிளாக் அண்ட் டான்ஸ்’ என்ற பிரிட்டிஷ் படையினர் ஒரே இரவில் புகுந்து கொளுத்தியதால் அயர்லாந்தின் விடுதலைப் போர் வரலாற்றிலும் அதற்கு இடமுண்டு. இப்போது அந்த ஊர் முகவரிக்கு உலகின் எல்லா மூலைகளிலிருந்தும் தடித்த தபால் உறைகள் வருகின்றன. பாஸ்டன், மெல்பர்ன், மான்செஸ்டர், புவனோஸ் அயர்ஸ். உறைக்குள் ஒரு பாட்டியின் பிறப்புச் சான்றிதழ் இருக்கும், அவர் கல்யாணச் சான்றிதழ் இருக்கும், அவர் பிள்ளையின் சான்றிதழ்கள், பேத்தியின் சான்றிதழ்கள் எல்லாம் இருக்கும். வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் பெயர் சேர்க்கச் சொல்லி வரும் விண்ணப்பங்கள் அவை.

இந்தப் பதிவேட்டைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். அயர்லாந்தில் இருக்கும் தமிழர்களான நமக்கு நேரடியாக இதில் வேலையில்லை. ஆனாலும் குடியுரிமை, காகிதம், காத்திருப்பு என்ற மூன்றும் சேரும் இடத்தை என்னால் சும்மா கடந்துபோக முடிவதில்லை. அதற்கு என் குடும்பத்தில் காரணம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சட்டம். அயர்லாந்துத் தீவில் பிறந்த ஐரிஷ் குடிமகளுக்கு லண்டனில் ஒரு பிள்ளை பிறந்தால், அந்தப் பிள்ளை பிறக்கும்போதே ஐரிஷ். எங்கும் பதிய வேண்டாம், நேராக பாஸ்போர்ட் கேட்கலாம். அடுத்த தலைமுறையில்தான் விஷயம் மாறுகிறது. அந்தப் பிள்ளையும் வெளிநாட்டிலேயே வளர்ந்து, அங்கேயே ஒரு குழந்தை பெற்றால், அந்தப் பேரக்குழந்தைக்குக் குடியுரிமைக்கான உரிமை மட்டும் உண்டு, குடியுரிமை கிடையாது. 1956-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் ஏற்படுத்திய பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் அவர் குடிமகன். பாட்டியோ தாத்தாவோ பெல்ஃபாஸ்டில் பிறந்திருந்தாலும் சரிதான். சட்டம் பேசுவது முழுத் தீவையும் பற்றி. வட அயர்லாந்து கணக்கில் வராது என்று நினைத்து விண்ணப்பிக்காமலே விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வெளியே போனவர்களை இவ்வளவு தூரம் கூட்டிக்கொள்ளும் சட்டம் இந்த நாட்டுக்கு ஏன் வந்தது என்பதற்கு அதன் வரலாறே பதில். 1845 முதல் நீடித்த பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் செத்தார்கள்; பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேறினார்கள். அதற்குப் பிறகும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிள்ளைகளை அனுப்பிக்கொண்டே இருந்த நாடு இது. இந்த நாட்டின் தலைமை அமைச்சராகவும் குடியரசுத் தலைவராகவும் இருந்த டி வலேராவே நியூயார்க்கில் பிறந்தவர்தான். 1998 புனித வெள்ளி உடன்படிக்கையை ஒட்டித் திருத்திய அரசியல் சட்டத்தின் இரண்டாவது பிரிவு, வெளிநாட்டில் வாழும் ஐரிஷ் வம்சாவளியினரோடு இந்த தேசம் தனி உறவைப் போற்றுகிறது என்றே சொல்கிறது. அழகான வாக்கியம். அதை எழுதியவர்கள் மனதார எழுதினார்கள் என்றே நம்புகிறேன்.

2016 ஜூன் 23 அன்று பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வாக்களித்தது. அதுவரை அலமாரியில் கிடந்த பாட்டியின் சான்றிதழுக்கு அன்று முதல் வேறொரு மதிப்பு வந்தது. ஐரிஷ் பாஸ்போர்ட் இருந்தால் பாரிசிலும் பெர்லினிலும் வாழலாம், வேலை பார்க்கலாம், பிள்ளையைப் படிக்க வைக்கலாம். சில ஆண்டுகளுக்குள் பதிவேட்டுக்கான விண்ணப்பங்கள் பல மடங்காகப் பெருகின. அந்தக் கூட்டம் குறையும் முன்பே 2020-இல் கொரோனா வந்தது. பதிவேட்டு வேலை நிறுத்தப்பட்டது, நடுவில் கொஞ்சம் நடந்தது, மறுபடி நின்றது. அதில் இருந்த ஊழியர்களில் பலரை வேறு வேலைக்கும் பாஸ்போர்ட் பக்கத்துக்கும் திருப்பினார்கள். முழுவதுமாகத் திறந்தபோது, ஒரு விண்ணப்பம் முடிய இரண்டு ஆண்டு வரை ஆகும் என்று அரசே சொல்ல வேண்டிய நிலை.

அதே சமயத்தில் பாஸ்போர்ட் வரிசையும் நீண்டது. ஊரடங்கில் புதுப்பிக்காமல் விட்டவர்கள் எல்லாரும் 2022-இல் ஒன்றாக வந்தார்கள். அந்த ஆண்டு மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பாஸ்போர்ட்டுகள் கொடுக்கப்பட்டன. ஐம்பது லட்சம் பேர் வாழும் நாட்டில் இது சின்ன எண்ணிக்கை இல்லை. முதல்முறை விண்ணப்பிப்பவருக்கு 40 வேலை நாள் என்று அறிவித்திருந்தார்கள். விடுமுறைப் பயணம் போய்விடுமே என்று பதறிய குடும்பங்கள் தங்கள் தொகுதி எம்.பி. அலுவலகங்களுக்குப் படையெடுத்தன. நாடாளுமன்றத்தில் நாள்தோறும் அதே பேச்சு. தற்காலிக ஊழியர்களை எடுத்தார்கள், பணம் ஒதுக்கினார்கள், முதல் பாஸ்போர்ட் 20 வேலை நாளுக்கு இறங்கியது. பெரியவர்கள் இணையத்தில் புதுப்பித்தால் இப்போது 10 வேலை நாள். பல நேரம் அதற்கும் முன்பே வீட்டுக்கு வந்துவிடுகிறது. பத்தாண்டு பாஸ்போர்ட்டுக்கு 75 யூரோ. இந்த வேலையைச் செய்து காட்டிய ஊழியர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் அன்று நாடாளுமன்றத்தில் சத்தம் போட்டவர்களில் மிகச் சிலரே கவனித்த ஒன்று உண்டு. இரண்டு வரிசையும் ஒரே துறையின் கீழ் இருப்பதால் இரண்டையும் ‘தாமதம்’ என்ற ஒரே பையில் போட்டுப் பேசினார்கள். பாஸ்போர்ட் தாமதமானால் ஒரு பயணம் போகும், ஒரு திருமணத்துக்குப் போக முடியாமல் போகும், வேலை வாய்ப்பு தள்ளிப்போகும். வருத்தம்தான், நஷ்டம்தான். ஆனால் அவர் நேற்றும் குடிமகன், இன்றும் குடிமகன், பாஸ்போர்ட் வரும் நாளிலும் குடிமகன். பதிவேட்டில் அப்படி இல்லை. அங்கே குடியுரிமை தொடங்குவதே அதிகாரி பெயரை ஏற்றும் நாளில்தான். விண்ணப்பம் போட்ட நாளும் கணக்கில்லை, பிறந்த நாளும் கணக்கில்லை.

இதன் விளைவை ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். மான்செஸ்டரில் ஒரு பெண். அவருடைய அம்மாவின் அம்மா மேயோ மாவட்டத்தில் பிறந்தவர். ஐம்பதுகளில் செவிலியராக இங்கிலாந்து போனவர். அந்தக் காலத்து பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் அயர்லாந்துச் செவிலியர்கள் நிறைய இருந்தார்கள். பேத்தி 2020 பிப்ரவரியில் எல்லாக் காகிதங்களையும் ஒழுங்காக அனுப்புகிறார். குறை ஒன்றும் இல்லை. அடுத்த மாதம் அலுவலகம் மூடுகிறது. 2021 கோடையில் அவருக்கு மகன் பிறக்கிறான். 2022-இல் பதிவு முடிந்து சான்றிதழ் வருகிறது. இப்போது அம்மா ஐரிஷ். மகன் இல்லை. அவன் பிறந்த நாளில் அவன் தாய் குடிமகளாக இல்லை என்பதால், பதிவேட்டு வழி அவனுக்கு மூடிவிட்டது. அடுத்த ஆண்டு அவனுக்கு ஒரு தங்கை பிறந்தால் அவளுக்கு அந்த வழி உண்டு. ஒரே வீட்டில், ஒரே தாய்க்கு, ஒரு பிள்ளைக்கு ஐரோப்பா முழுவதும் கதவு திறந்திருக்கும். இன்னொரு பிள்ளைக்கு இருக்காது. இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் ஒரு அலுவலகத்தின் வேலைச் சுமை.

பதிவைப் பிள்ளைப்பேற்றுக்கு முன்னால் முடித்துக்கொண்டே வந்தால் இந்தச் சங்கிலி எத்தனை தலைமுறைக்கும் அறுபடாமல் போகும். ஒரு தலைமுறை பிந்தினால் அங்கேயே முடிந்தது. தவறிப்போன பிள்ளைக்கு ஒரே வழி, சட்டத்தின் 16-ஆம் பிரிவு: ஐரிஷ் வம்சாவளி, ஐரிஷ் தொடர்பு என்ற அடிப்படையில் நீதித்துறை அமைச்சர் சில நிபந்தனைகளைத் தளர்த்திக் குடியுரிமை தரலாம். தரலாம், அவ்வளவே. அது அமைச்சரின் விருப்புரிமை. பேத்தியிடம் இருந்தது உரிமை; பேத்தியின் மகனிடம் இருப்பது கோரிக்கை.

அரசுக்கு இது தெரியாமல் இல்லை. கொரோனாக் காலத்திலேயே, குழந்தையை எதிர்பார்க்கும் பெற்றோர், எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாதவர்கள் போன்ற அவசரமானவர்களின் விண்ணப்பங்களை முன்கூட்டி எடுப்பதாக வெளியுறவு அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். நல்ல ஏற்பாடு. பலருக்கு அது உதவியிருக்கும். ஆனால் அந்த அவசர வழி இருப்பது தெரிந்தவருக்குத்தான் அது வழி. கர்ப்பமான பெண்ணுக்கு அந்த மாதங்களில் ஆயிரம் வேலை. வெளிநாட்டுச் சட்டமொன்றின் ஒரு பிரிவு தன் வயிற்றுப் பிள்ளையைத் தொடுகிறது என்று அவருக்கு யார் சொல்வார்கள்? ஒருவருடைய உரிமை அவர் சரியான நேரத்தில் சரியான மின்னஞ்சல் எழுதினாரா என்பதில் தொங்கக் கூடாது.

இங்கே என் குடும்பக் கதையைச் சொல்ல வேண்டும். என் தாத்தா இலங்கையில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், அங்கேயே பிறந்தவரிடமும் அப்பாவின் பிறப்புக்கு ஆதாரம் கேட்டது. அப்பா அங்கே பிறக்கவில்லையென்றால் அப்பாவின் அப்பாவும் அவருடைய அப்பாவும் அங்கே பிறந்ததற்கு ஆதாரம் கேட்டது. தோட்டத்து லயத்தில் பிறந்தவர்களுக்கு யார் சான்றிதழ் கொடுத்தார்கள்? சுமார் ஏழு லட்சம் மலையகத் தமிழர்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக ஆனார்கள். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆள்கணக்குப் பிரித்தார்கள். மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார்கள். மக்கள் விண்ணப்பம் போட்டுவிட்டு ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தார்கள். காத்திருக்கும்போதே கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தன. 1984-இல் தலைமன்னாரிலிருந்து இந்தியாவுக்குப் போன கப்பலும் நின்றுபோனது. இந்திய பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே தோட்டத்தில் தங்கிப்போனவர்கள் உண்டு. 2003-இல் இலங்கை நாடாளுமன்றம் புதுச் சட்டம் போடும்வரை அவர்களில் பலருக்கு விடிவில்லை. எங்கள் குடும்பம் கப்பல் நிற்கும் முன்பே வந்து, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்குப் போய், தமிழக அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் குடியேறியது.

அயர்லாந்தின் கதையும் மலையகத்தின் கதையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அங்கே இருந்தவர்களிடமிருந்து பறித்தார்கள். இங்கே வெளியே இருப்பவர்களுக்குக் கொடுக்கிறார்கள். மான்செஸ்டர் பிள்ளைக்கு பிரிட்டிஷ் குடியுரிமை இருக்கிறது, அவன் நாடற்றவன் இல்லை. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் நடக்கும் தாமதத்தின் கணக்கை மேசைக்கு இந்தப் பக்கம் பிறக்கும் குழந்தை கட்டும் ஏற்பாடு எங்கே இருந்தாலும் அது தவறு. எங்கள் வீட்டில் அதை யாரும் சட்டப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

எங்கள் மகள் டப்ளினில் பிறந்தபோது இன்னொரு பாடமும் கிடைத்தது. 2004 ஜூனில் இந்த நாட்டு மக்கள் கிட்டத்தட்ட 79 சதவீதம் பேர் ஆதரித்து வாக்களித்து, இங்கே பிறந்த எல்லாக் குழந்தைக்கும் குடியுரிமை என்ற பழைய நிலையை மாற்றினார்கள். 2005 ஜனவரி 1 முதல், நம்மைப் போன்ற வெளிநாட்டுப் பெற்றோரில் ஒருவராவது பிரசவத்துக்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் மூன்று ஆண்டுகள் இங்கே முறையாக வசித்திருக்க வேண்டும். மாணவர் விசாவில் இருந்த காலம் அதில் சேராது. எங்களுக்கு அந்த மூன்று ஆண்டு நிறைந்திருக்கவில்லை. ஆகவே மகளை இந்தியத் தூதரகத்தில் பதிந்தோம். நம் சட்டப்படி 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு வெளிநாட்டில் பிறந்த குழந்தையை ஓராண்டுக்குள் தூதரகத்தில் பதிய வேண்டும். வேறு நாட்டு பாஸ்போர்ட் குழந்தையிடம் இல்லை என்று பெற்றோர் உறுதி கூற வேண்டும். ஓராண்டு கடந்தால் மத்திய அரசின் அனுமதி தேவை. இந்தச் சட்டத்தில் எனக்குச் சில மனக்குறைகள் உண்டு. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: குழந்தை முதலில் பிறக்கிறது, பதிவு பிறகு நடக்கிறது, அப்படியும் குழந்தை வம்சாவளிக் குடிமகளாகவே ஏற்கப்படுகிறாள். காலக்கெடு பெற்றோரின் கையில் இருக்கிறது.

அயர்லாந்திலும் ஒரு காலத்தில் நிலைமை வேறாக இருந்தது. 1986 வரை பதிவேட்டில் ஏறியவர்களுக்கு அந்தப் பதிவின் பலன் பிறந்த நாள் வரை பின்னோக்கிப் போனது. 1956 சட்டத்துக்கு முன் பிறந்தவர்களுக்கு அந்தச் சட்டம் வந்த நாள் வரை. 1986-இல் திருத்தினார்கள். பழைய முறையில் உள்ளவர்கள் பதிந்துகொள்ள அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை அவகாசம் கொடுத்தார்கள். அதன் பிறகுதான் ‘பதிவான நாள் முதல்’ என்ற விதி. சங்கிலி முடிவில்லாமல் நீளக் கூடாது, நாட்டோடு தொடர்பை ஒவ்வொரு தலைமுறையும் தானாக முன்வந்து காட்ட வேண்டும் என்ற நோக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அது நியாயமான நோக்கம். ஆனால் முன்வந்து காட்டுவது எந்த நாளில் நடக்கிறது? விண்ணப்பத்தைத் தபாலில் சேர்க்கும் நாளில். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் அரசின் வேலை. ஆகவே, விண்ணப்பம் இறுதியில் ஏற்கப்பட்டால், முழுமையான விண்ணப்பம் கைக்கு வந்த நாளிலிருந்தே குடியுரிமை தொடங்கியதாகச் சட்டம் கருத வேண்டும். போலி ஆவணத்துக்கு இதில் இடம் வராது. நிராகரிக்கப்பட்டதற்கு எந்தப் பலனும் இல்லை. அலுவலகத்துக்கு ஒரு மணி நேரம்கூடக் கூடுதல் வேலை இல்லை. உறை வந்த தேதி ஏற்கெனவே அவர்களிடம் இருக்கிறது.

2024 வாக்கில் காத்திருப்பு ஒன்பது மாதம் என்ற அளவுக்கு வந்ததால் இந்தப் பேச்சு அடங்கிவிட்டது. ஒன்பது மாதம் என்பது என்ன கணக்கு என்று பெற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, விண்ணப்பிக்கும் நிலையில் இருப்பவர்களுக்கு, நான் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். வேலை தடைபடுவது பெரும்பாலும் பாட்டியின் காகிதங்களில்தான். 1922-இல் டப்ளினில் ‘ஃபோர் கோர்ட்ஸ்’ வளாகத்து ஆவணக் காப்பகம் தீக்கிரையானதால் எல்லாம் எரிந்துபோயிற்று என்று பல குடும்பங்களில் நம்பிக்கை உண்டு. அந்தத் தீயில் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளும் தேவாலயப் பதிவேடுகள் பலவும் அழிந்தது உண்மை. ஆனால் 1864 முதல் அரசு பதிந்த பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகள் பத்திரமாக இருக்கின்றன. ராஸ்காமன் நகரிலுள்ள தலைமைப் பதிவாளர் அலுவலகத்தில் 20 யூரோ கட்டினால் முழுச் சான்றிதழ் கிடைக்கும். பெற்றோர் பெயர் இல்லாத சுருக்கச் சான்றிதழ் செல்லாது.

தேதி பொருந்தாவிட்டால் பயந்துவிட வேண்டாம். அந்தக் காலத்தில் பிறப்பைப் பிந்திப் பதிந்தால் அபராதம் என்பதால், கிராமத்து அப்பாக்கள் பிறந்த தேதியையே கொஞ்சம் தள்ளிச் சொல்லிவிடுவார்கள். நம் ஊரில் தலைமையாசிரியர் போட்ட தேதியில் பாதி ஊர் ஜூன் மாதத்தில் பிறந்த கதைதான். பெயரும் அப்படியே: ‘ஓ’ என்ற முன்னொட்டு ஒரு சான்றிதழில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது, ஐரிஷ் மொழியில் ஒரு எழுத்துக்கூட்டல், ஆங்கிலத்தில் வேறு. இப்படி ஒரு வேறுபாடு இருந்தால் விளக்கக் கடிதம் ஒன்றை முன்கூட்டியே சேர்த்து அனுப்புங்கள். பாட்டி கல்யாணத்துக்குப் பின் குடும்பப் பெயரை மாற்றியிருந்தால் திருமணச் சான்றிதழ் இல்லாமல் சங்கிலி சேராது. சாட்சிக் கையெழுத்துக்கு, உங்களை நேரில் அறிந்த, உறவினர் அல்லாத, அவர்கள் பட்டியலில் உள்ள தொழில் செய்பவர் ஒருவர் வேண்டும். அலுவலகத்திலிருந்து கேட்டால் பதில் சொல்லக் கூடியவராக இருக்கட்டும். கட்டணம் பெரியவர்களுக்கு 278 யூரோ, பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு 153. மூலச் சான்றிதழ்களையே அனுப்ப வேண்டியிருப்பதால் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். இது முடிந்து சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் பாஸ்போர்ட் கேட்க முடியும். அது தனி விண்ணப்பம், தனிக் கட்டணம்.

லண்டனிலும் டொரொண்டோவிலும் மெல்பர்னிலும் நம் பிள்ளைகள் பலர் ஐரிஷ் வம்சாவளியினரைக் கல்யாணம் செய்திருக்கிறார்கள். உங்கள் மருமகளோ மருமகனோ அப்படிப்பட்டவரானால், அவருடைய பாட்டி தாத்தா எங்கே பிறந்தார்கள் என்று இந்த வாரமே கேளுங்கள். அயர்லாந்துத் தீவு என்று பதில் வந்தால், குழந்தை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் இப்போதே விண்ணப்பம் போகட்டும். ஏற்கெனவே விண்ணப்பித்துக் காத்திருக்கும்போது கர்ப்பம் உறுதியானால், விண்ணப்ப எண்ணையும் பிரசவத் தேதியையும் குறிப்பிட்டு அன்றே பதிவேட்டு அலுவலகத்துக்கு எழுதச் சொல்லுங்கள்.